நோயாளிகள் பட்டியலில் யூனிஸ் மதினி

அடக்க ஆராதனையில் இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பது எங்கள் சபையின் வழக்கம். எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள், எந்த வியாதியில் இறந்தார் என்று எல்லாம் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். என் அண்ணன் மனைவி யூனிஸ் மதினிக்கு அதை எழுதியவன் நான். வாசித்தவனும் நான்தான். பதினோரு வரிகள். 1904இல் திருநெல்வேலி ஜில்லா சாயர்புரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். 1924இல் நிஜாம் ரயில்வேயின் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ஏனோக்கை மணந்து செகந்திராபாத் வந்தார். டோரிஸ், ஜார்ஜ் என்று இரண்டு பிள்ளைகள். இந்த ஆகஸ்டில் நிமோனியாவில் இறந்தார். எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் 1930க்கும் 1944க்கும் நடுவே அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை. அந்தப் பதினாலு வருஷத்தை இங்கே எழுதுகிறேன்.

ஜார்ஜ் பிறந்தபோது ஒரு குறையும் இருக்கவில்லை. பிரசவம் சுகமாக நடந்தது. குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். அப்போது நான் நிஜாம் காலேஜில் பி.ஏ. படித்துக்கொண்டு அண்ணன் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் காலை குழாயடியில் மதினியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மதினி அதையே பார்த்தபடி நின்றார். அடுத்து நின்ற மங்களம்மாள், "யூனிஸ், குடம் நெறஞ்சு ஓடுது பாரு" என்றாள்.

"ஆமா" என்றார் மதினி. குடத்தை எடுக்கவில்லை. கடைசியில் மங்களம்மாள்தான் அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

அங்கிருந்துதான் நான் கணக்கு வைக்கிறேன். அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். சீப்பைக் கையில் எடுத்தால் அது தலைக்குப் போவதற்குள் மடியில் விழுந்துவிடும். சோறு அடிப்பிடித்த வாசனை குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் பரவும், மதினி அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், ஆனால் தூங்கமாட்டார். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் மட்டும் அண்ணன் வரப்போகிறார் என்று எழுந்து உட்காருவார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"உனக்கு என்னளா கொறச்சல்? சொல்லு. எங்க இருந்தாலும் கொண்டாந்துருதேன்."

மதினி வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொல்வார்: "ஒரு கொறையும் இல்ல. அதான் சொல்லத் தெரிய மாட்டேங்கு."

என்னிடம் ஒருமுறை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். ஜார்ஜ் தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தான். நான் போய்த் தூக்கினேன். "பிள்ள அழுதா பக்கத்து வீட்டுல யாரோ அழுத மாதிரி இருக்கு தம்பி. எந்திரிச்சுப் போவணும்னு தெரியுது. போவ முடியல" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. கடிதத்தில் எழுதியிருப்பதை வாசிப்பதுபோல் இருந்தது.

ரயில்வே ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். குடித்தார். சபைப் பெண்கள் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொன்னார்கள் என்று சார்மினார் பக்கம் அப்துல் ரஹீம் என்ற ஹகீமிடம் அண்ணன் கூட்டிப்போனார். நானும் போனேன். ஹகீம் மதினியின் நாடியை வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நீந்த் நை, பூக் நை, ஜீ நை லக்தா. ஹவ் நா, அம்மா?" என்று கேட்டார். தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அப்படித்தானே என்று. மதினி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து "ஹவ்" என்றார். ஹகீம் ஒரு சீட்டில் உருதுவில் எழுதினார். "இதுக்குப் பேர் இருக்கு, மாலிகோலியா. பழைய வியாதி. ராஜாக்களுக்கே வந்திருக்கு" என்று தக்கணி உருதுவில் அண்ணனிடம் சொன்னார்.

"ராஜாக்களுக்குப் போயிருச்சாமா?" என்றார் அண்ணன்.

"சிலருக்கு" என்றார் ஹகீம்.

வெள்ளித்தாள் கலந்த லேகியம் ஒரு டப்பா கொடுத்தார். ஒரே வாரத்தில் டப்பா காலி. மருந்து நன்றாகச் சேர்கிறது என்று அண்ணனுக்குச் சந்தோஷம். ஆறு வயது டோரிசின் பல்லில் வெள்ளித்தாள் மின்னியபோதுதான் யாருக்குச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஹகீமின் சீட்டை மதினி தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். "இதுக்குப் பேர் இருக்கு, பாத்தியளா தம்பி" என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. 1933 ஜனவரியில் ஆடு வந்தது.

பின்வரிசை ரயில் கார்டு வீட்டு ஆடு அது. ஊருக்குப் போக அண்ணனுக்காக நான் இங்கிலீஷில் எழுதிவைத்த லீவு விண்ணப்பத்தைத் தின்னும்போது அண்ணன் பார்த்துவிட்டார். இடுப்பில் துண்டோடு துரத்தினார். முற்றத்தில் தண்ணீர் சிந்தியிருந்தது. வழுக்கி, இரண்டு காலையும் நீட்டியபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆடு சற்றுத் தள்ளி நின்று மிச்சத்தையும் மென்றது. வாசலில் நின்றிருந்த மதினி, "சேங்ஷன் பண்ணிட்டுது போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்தபடி அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மதினி தலை வாரினார். குழம்பு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வந்தார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பார்கள். பரீட்சை, பிரசவம், பயணம், பாம்புக்குத் தப்பியது என்று எதற்கு நன்றி சொல்கிறோமோ அதைக் கவரின் மேல் எழுதவேண்டும். எங்கள் குருவானவர், ஐயர் என்போம், அதைப் பீடத்திலிருந்து பெயர் சொல்லி வாசிப்பார். பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை அண்ணன் ஒரு கவரோடு வந்தார்.

"மனைவியின் சுகத்துக்காகன்னு எழுதுலே. காலேஜ் படிச்சவன்தான, நல்லா எழுது."

எனக்கு அந்த வாக்கியம் மொட்டையாகத் தெரிந்தது. 'நெடுநாள் மனச்சோர்வை நீக்கி, என் மனைவி யூனிசுக்குப் பூரண சுகம் அருளிய ஆண்டவருக்கு நன்றியாக' என்று எழுதினேன். 'பூரண' என்பது நான் சேர்த்தது. ஓசைக்காகச் சேர்த்தேன். அண்ணன் இரண்டு தடவை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதினிக்குத் தெரியவேண்டாம், கோயிலில் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் தேவசகாயம் ஐயர் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. மதினி தலை நிமிரவில்லை. ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா யூனிஸ், ஒன் பேரச் சொல்லி எத்தன பேர் முழங்கால் போட்டோம். வீண்போகல" என்றார். மதினி, "ஆமாம்மா" என்றார். இருபது பேராவது கையைப் பிடித்திருப்பார்கள். இருபது தடவையும் "ஆமா" சொன்னார். டோங்கா வண்டியில் வீடு திரும்பினோம். வாசலில் இறங்கும்போது, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா தம்பி" என்றார்.

அன்றிலிருந்து மதினிக்குப் படுக்க வழியில்லாமல் போயிற்று.

சுகமானவர் எப்படிப் படுக்கமுடியும்? எழுந்திருக்க முடியாத காலைகளில் அண்ணன் கட்டிலருகே வந்து நின்று, "ஸ்தோத்திரம் பண்ணியாச்சே, இன்னும் என்னளா?" என்பார். மதினி எழுந்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கு ஆட்டைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. ஏப்ரலில் மாதர் சங்கத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நாற்பது பெண்கள் நடுவே நின்று சாட்சி சொன்னார். கூடப் போயிருந்த டோரிஸ் வந்து, அம்மா ரொம்ப நன்றாகப் பேசினாள், எல்லாரும் அழுதார்கள் என்று எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். மதினி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டிய பிறகுதான் திறந்தார்.

முன்பு மதினி சோர்ந்து கிடந்தார். இப்போது சோர்ந்து கிடக்கவும் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நாள் அப்படி நிற்கமுடியும் என்று எனக்குப் பயம் வந்தது. உண்மையை யாரிடமாவது சொல்லாவிட்டால் மதினி பிழைக்கமாட்டார் என்று தோன்றியது. சொல்லவேண்டியவன் நான். ஆனால் வாய் வரவில்லை. கவரில் இருந்தது என் கையெழுத்து.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முன்னறையில் பையன்களின் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மாரெட்பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. காலெல்லாம் புழுதி.

"கோயில்ல ஓதினாங்களே, மனசுக் கோளாறு போயிருச்சின்னு, அந்த அக்கா ஊடு இதானா?"

மதினி உள்ளேயிருந்து வந்தார். அவளைப் பின்முற்றத்துக்கு அழைத்துப்போய் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நான் பின்னறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன், எல்லாம் கேட்டது.

அவள் பெயர் அன்னக்கிளி. ஜோலார்பேட்டைக்காரி. புருஷன் உலகநாதன் மௌலாலி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். ஸ்தோத்திரச் செய்தி ஒர்க்‌ஷாப்பிலிருந்து லைன் வழியாகவே அவள் காதுவரை போயிருக்கிறது. மௌலாலியிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்தே வந்திருக்கிறாள்.

"எனுக்கு ரெண்டு வருசமா கீதுக்கா. எங்க மாமியா பேய்ன்றா. எங்க ஊட்டுக்காரரு கொழுப்புன்றாரு. ரெண்டும் இல்ல. இன்னான்னு எனுக்கே தெரியல. காத்தால கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு கீது. உனுக்கு எப்டிக்கா போச்சி? அத்த மட்டும் சொல்லு, நான் போய்டுறேன்."

அன்னக்கிளியே தொடர்ந்தாள்.

"உனுக்குப் போச்சின்னா எனுக்கும் போவும்னு நடந்து வந்தேன். போவாதுன்னா அதையும் சொல்லிடு. எனுக்கு ஒரு வேல கீது."

"என்ன வேல?"

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அன்னக்கிளியின் முகம் வேலிக்கு அப்பால் தண்டவாளத்தின் பக்கம் திரும்பியிருந்தது. மதினியும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் மதினி ஒரு பொய் சொல்லிவிடமாட்டாரா என்று நான் தவித்தேன். நாற்பது பேர் முன்னால் சொன்ன சாட்சிதானே, இன்னொரு தடவை சொன்னால் என்ன? சொன்னால் இந்தப் பெண் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவாள். உண்மையைச் சொன்னால் எங்கே போவாள்?

"போவல" என்றார் மதினி.

"இன்னா?"

"எனக்குப் போவல. இன்னைக்குக் காலைலகூட எந்திரிக்க முடியாம எந்திரிச்சேன்."

"அப்ப கோயில்ல ஏன் ஓதினாங்க?"

"ஒரு நா சிரிச்சேன். அதப் பாத்து அவங்க ஆசப்பட்டுட்டாங்க."

நான் எழுந்து கதவருகே போய்விட்டேன். அவள் வேலிப்பக்கம் நகர்ந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும் என்று நினைத்தேன். அன்னக்கிளி நகரவில்லை. துவைக்கிற கல்லில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப உனுக்கும் கீது."

"ஆமா."

"இத்த வச்சிக்கினா இத்தினி பேருக்கு இளிச்சிக்கினு இருந்த?"

"ஆமா."

"நான் ஒருத்திதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா" என்றாள் அன்னக்கிளி. பிறகு, "சோறு எதுனா கீதா?" என்று கேட்டாள்.

"பழையதுதான் இருக்கு."

"குடு."

அவள் சாப்பிட்டாள். இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கை எடுத்துச் சாப்பிட்டார். நாங்கள் சொல்லியனுப்பியதும், அன்று மாலை உலகநாதன் டிராலி பிடித்து வந்து அவளைக் கூட்டிப்போனார். மதினி அவரிடம் நேராகச் சொன்னார்: "தனியா விடாதீங்க. லைன் பக்கம் போவாம பாத்துக்கோங்க. வர்ற வியாழக்கெழமயும் இங்க அனுப்புங்க. இது கொழுப்பு இல்ல. வியாதி. பேர் இருக்கு." அவர் தலையை ஆட்டினார். அனுப்பவும் செய்தார்.

அவர்கள் போனபிறகு மதினி முன்னறைக்கு வந்தார். "தம்பி, அந்த ஸ்தோத்திரத்தத் திரும்ப வாங்கணும்" என்றார்.

"அது எப்படி மதினி? வாசிச்சது வாசிச்சதுதானே?"

"அதக் கேட்டு இன்னொருத்தி நடந்து வருவா. எல்லாருக்கும் நான் வாசல்ல நின்னு பதில் சொல்ல முடியுமா? ஐயர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. என்னய சொகமில்லாதவங்க லிஸ்டுல போடச் சொல்லுங்க."

ஒவ்வொரு ஞாயிறும் ஜெபத்துக்கு முன் நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார்கள். காய்ச்சல்காரர்கள், காசநோய்க்காரர்கள், கால் முறிந்தவர்கள். ஒரு பெயர் அதிலிருந்து நீங்குவதற்கு இரண்டே வழிகள்தான். மதினி கேட்டது அந்த வரிசையில் ஓர் இடம்.

தேவசகாயம் ஐயர் நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சொகம் கெடச்சதுன்னு வாசிச்சு நாலு மாசம் ஆகல தம்பி. இப்ப சொகமில்லன்னு வாசிச்சா ஜனங்க ஆண்டவரைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"ஆண்டவர் மேல ஒண்ணும் இல்ல ஐயரே. நாங்கதான் அவசரப்பட்டோம்."

"பூரணம்னுல்ல போட்டிருந்தீங்க?"

"அது நான் சேர்த்த வார்த்தை."

அவர் என்னையே பார்த்தார். "வியாதின்னா ரிஜிஸ்தர்ல பேர் எழுதணும். மனசு சரியில்லன்னு எழுத முடியாது."

மதினி கொடுத்தனுப்பியிருந்த ஹகீமின் சீட்டைக் கொடுத்தேன். அவருக்கு உருது வாசிக்கத் தெரியும். "மாலிகோலியா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ஏதோ பூச்செடி பேரு மாதிரி இருக்கு" என்றார். பிறகு ரிஜிஸ்தரைத் திறந்து எழுதிக்கொண்டார். அன்னக்கிளியின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "நம்ம சபை இல்லையே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வியாதிக்கு என்ன சபை" என்று அதையும் எழுதினார்.

அண்ணன் அந்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. ஒரு மாதம் என்னோடும் பேசவில்லை. "என் பொண்டாட்டியப் பைத்தியம்னு ஊருக்கு வாசிச்சுக் காட்டிட்டான்" என்று மங்களம்மாளிடம் சொல்லியிருக்கிறார். சபையிலும் சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். கையைப் பிடித்த இருபது பேரில் இரண்டு பேர்தான் பிறகு வீட்டுக்கு வந்தார்கள். மதினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசித்த அன்று வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துப் படுத்தார். நாலு மாதத்துக்குப் பிறகு பகலில் படுத்தார். படுத்ததும் தூங்கினார்.

பட்டியலைச் சனிக்கிழமைதோறும் புதிதாக எழுதவேண்டும். "அந்தக் கவர எழுதின கையாலயே இதையும் எழுதுங்க தம்பி" என்று மதினி சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் எழுதினேன்.

மதினிக்குச் சுகம் வந்தது என்று சொல்லமாட்டேன். வரவில்லை. நல்ல வாரங்கள் வரும். அவற்றை நம்பக்கூடாது என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். டோரிஸ் வளர்ந்து சமையலைப் பார்த்துக்கொண்டாள். ஜார்ஜ் அம்மாவை அதிகம் நெருங்காமலே பெரியவனானான். தமிழில் கூப்பிட்டால் உருதுவில் பதில் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவான். அதைப் பார்த்து மதினி ஒருமுறை, "அவன் வரைக்கும் நான் போவவே இல்ல தம்பி" என்றார்.

ஆனால் வியாழக்கிழமை அன்னக்கிளி வருவாள். இருவரும் பின்முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பார்கள், அல்லது ஒன்றும் செய்யமாட்டார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். "இன்னிக்கு எங்க வரிக்கும்கா?" என்பாள் அவள். தண்ணீருக்குள் நிற்பதைப்போல ஒரு கணக்கு. "முழங்கால்" என்பார் மதினி. சில நாள் "இடுப்பு". "ஒனக்கு?" "நெஞ்சி." கழுத்து என்று யாராவது சொன்னால் மற்றவள் அன்று வீட்டுக்குப் போகமாட்டாள். அன்னக்கிளி எங்கள் வீட்டில் படுத்த இரவுகள் உண்டு. மதினி மௌலாலியில் பாயின்ட்ஸ்மேன் குடிசையில் படுத்த இரவுகளும் உண்டு. கோயில் பக்கமே வராத அன்னக்கிளிக்குத் தன் பெயரை வாசித்தார்களா என்பது மட்டும் தெரியவேண்டும். "இந்த வாட்டியும் ஓதினாங்களா வாத்தியாரே? அக்கா பேர் மொதல்ல, என்து பின்னால?" என்று என்னைக் கேட்பாள். ஆமாம் என்பேன். தலையாட்டிக்கொள்வாள்.

1939இல் உலகநாதனைப் பூர்ணாவுக்கு மாற்றினார்கள். ஒரு நாள் பயணம். வருஷத்துக்கு ஒருமுறை, பாஸ் கிடைத்தால் வந்தாள். வியாழக்கிழமைகளில் மதினி தனியாகப் பின்முற்றத்தில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எங்கே வரைக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அது அவர்கள் இருவரின் கேள்வி என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

இந்த ஆகஸ்டு மழையில் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆயிற்று. ஆறு நாள். பிழைக்கவேண்டும் என்று மதினி முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை, சாகவேண்டும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. கடைசி நாள் அன்னக்கிளிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். ஒரு ரயில் கார்டிடம் செய்தி அனுப்பியிருந்தோம். அது போய்ச் சேர எட்டு நாளாயிற்று.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் நோயாளிகளின் பெயர்களை வாசித்தார். இரண்டாவது பெயராக, "யூனிஸ் ஏனோக்" என்றார். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒருமுறை இருமினார். பிறகு "அன்னக்கிளி" என்று வாசித்து முடித்தார். ஆராதனை முடிந்ததும் என் தோளில் கைவைத்தார்.

"மரிச்சவங்களுக்காக நாம ஜெபிக்கிறதில்ல தம்பி. தெரியும்ல."

"தெரியும் ஐயரே. கை எழுதிட்டுது."

அன்னக்கிளி வியாழக்கிழமை வந்தாள். தலை நரைத்திருந்தாள். நேராகப் பின்முற்றம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். நான் எதிரில் நின்றேன். அண்ணன் கதவுநிலையில் சாய்ந்து நின்றார். அடக்கத்துக்குப் பிறகு அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. சவரமும் செய்யவில்லை.

"இனிமே என் பேர் மட்டுந்தான் ஓதுவாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பூர்ணாவுல ஞாயித்துக்கெழம பத்து மணி ஆனா சிக்னல் கேபின்கிட்ட வந்து குந்திக்குவேன். இந்நேரம் ஓதுவாங்க, அக்கா பேரும் என் பேரும்னு நெனச்சிக்குவேன். அஞ்சி வருசமா அதான். தனியான்னா வாணாம் வாத்தியாரே. எடுத்துடுங்க."

நான் கேட்டேன். பதினோரு வருஷம் கேட்காமல் விட்டதை அப்போது கேட்டேன்: "இன்னைக்கு எங்க வரைக்கும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினாள்.

அண்ணன்தான் பேசினார்.

"எடுக்காதலே. அவ பேர் இருந்த எடத்துல என் பேர எழுது."

"அண்ணே, ஐயர் என்ன வியாதின்னு கேப்பாரே."

"அந்த ஹகீம் சீட்டு வேதாகமத்துக்குள்ளதான கெடக்கு. அதையே குடு."

அன்னக்கிளி அவர் பக்கம் திரும்பினாள். இந்த மனிதர் மதினியைக் கட்டிலிலிருந்து எழுப்பியதெல்லாம் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எங்க வரிக்கும்ணா?" என்று கேட்டாள்.

அண்ணனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனாலும் யோசித்தார்.

"தெரியல" என்றார். "கால்ல தர தட்டுப்படல."

அன்னக்கிளி கல்லில் நகர்ந்து இடம் விட்டாள். அண்ணன் வந்து உட்கார்ந்தார். அன்று அவள் ஊருக்குத் திரும்பவில்லை. டோரிஸ் சோறு போட்டாள், இருவரும் பாதி சாப்பிட்டார்கள். மறுநாள் மத்தியானம் ரயில் ஏற்றிவிட்டோம். அடுத்த வருஷம் பாஸ் கிடைக்குமா தெரியாது என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஏழு பெயர்கள் வாசித்தார்கள். இரண்டாவது ஏனோக், மூன்றாவது அன்னக்கிளி. ஆண்கள் பக்கத்தில் சில தலைகள் திரும்பின. அண்ணன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் அவரை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வரைக்கும் அண்ணே என்று கேட்டேன். போன வியாழன் சொன்னதையே சொன்னார்: "கால்ல தர தட்டுப்படல."